தூக்காத கை

மான்ஸ்ஃபீல்ட், ஒஹையோ
பிப்ரவரி 6, 1995

அன்புள்ள ஓவிலா மாமாவுக்கு,

ஜோஸ்லின் எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம். நீங்களும் உங்கள் முழங்காலும் எப்படி? லூயிஸ்டனில் பனி ஜன்னல் வரை ஏறிவிட்டது என்று செய்தியில் பார்த்தேன்.

ஒரு சேதி. மெத்தைத் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவுக்கு என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோதே ஒருவர் ஏணி மேல் நின்று பழைய பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். இனிமேல் அது பணியாளர் பிரிவு இல்லை, மனிதவளத் துறை. பலகையோடு நானும் புதிது.

முதல் நாளே சொதப்பிவிட்டேன். நல்ல மனதோடு ஆறு பெட்டி டோனட் வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு அறையில் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. தையல் வரிசையில் ட்வைலா என்று ஒரு பெண், இருபது வருஷமாக அங்கே இருப்பவள், நேரே என்னிடம் வந்தாள்.

"எத்தனை பேரு?" என்றாள்.

"எத்தனை பேரா? எல்லாருக்கும்தான் வாங்கினேன்."

"அது தெரியுது. எத்தனை பேர வீட்டுக்கு அனுப்பப் போறீங்க?"

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த ஃபென் என்பவர் ஆட்குறைப்பு அறிவிக்கும் நாளில் மட்டும்தான் டோனட் வாங்கி வருவாராம். இது ஒஹையோவிலேயே எனக்கு மட்டும் தெரியாத விஷயம். ஒருவர் மேஜை இழுப்பறையைக் காலி செய்யவே தொடங்கிவிட்டார்.

நீங்கள் எத்தனையோ ஆட்களை மேய்த்தவர். ஏதாவது வழி சொல்லுங்கள். அம்மா நன்றாக இருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
ஜோஸ்லின்

*

லூயிஸ்டன், மெய்ன்
பிப்ரவரி 19, 1995

என் அருமை ஜோஸ்லினுக்கு,

மாமா எழுதுவது. இடது முழங்கால் பரம சுகம். வலது முழங்கால் தனிக்குடித்தனம் போய்விட்டது, நான் சொன்னால் கேட்பதில்லை. மற்றபடி எனக்கு என்ன குறை? பனி ஜன்னல் வரை என்றா சொன்னார்கள்? பொய். கூரை வரை. நேற்று நான் புகைபோக்கி வழியாகத்தான் வெளியே போய்ப் பால் வாங்கி வந்தேன்.

நீ தலைவி ஆனதில் ஆச்சரியம் இல்லை. நம் குடும்ப ரத்தம். நான் ஆறாம் வகுப்போடு நிறுத்தினேன், ஏனென்றால் ஏழாம் வகுப்புக்கு என்னைக் கண்டால் பயம். ஆனாலும் காலணித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் நான் இருமினால் மோட்டார் நின்றுவிடும். முதலாளி ஹட்சின்ஸே சில நாள் என் அறைக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

இதென்ன மனிதவளம்? நிலவளம், நீர்வளம் என்பது மாதிரியா? அப்படியானால் மனுஷனையும் தோண்டி எடுப்பார்களா, அணை கட்டித் தேக்குவார்களா? எங்கள் காலத்தில் ஆள் என்றால் ஆள்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

சரி, வழி கேட்டாய். எழுதிக்கொள். உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருவருடைய பெயரைத் தப்பாகச் சொல். அவன் திருத்துவான், பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான், மூன்றாமவன் உனக்காகப் பரிந்து பேசுவான். ஒரே தப்பில் மூன்று பேர் கைக்குள். பெரிய படிப்புப் படித்தவன் எவனும் இதைச் சொல்லித் தர மாட்டான். நான் இப்படித்தான் ஒரு இத்தாலிக்காரனை ஏழு வருஷம் தப்பாகக் கூப்பிட்டேன். தன் பிள்ளைக்கே கடைசியில் அந்தப் பெயரை வைத்தான்.

இன்னொன்று. அறைக்குள் உட்காராதே. நட. நடந்துகொண்டே இருப்பவளிடம் ஜனங்கள் பொய் சொல்வது கஷ்டம், மூச்சு வாங்கும்.

உன் அம்மா இவெட்டை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல். மறக்காமல் சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
ஓவிலா மாமா

*

மான்ஸ்ஃபீல்ட்
ஏப்ரல் 2, 1995

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? தாமதத்துக்கு மன்னியுங்கள். நீங்கள் சொன்னபடி நடந்துகொண்டேதான் இருக்கிறேன். இரண்டு செருப்பு தேய்ந்துவிட்டது. ட்வைலாவை வேண்டுமென்றே 'ஷைலா' என்று கூப்பிட்டேன். "எம் பேரையே தெரியாதவ எனக்குச் சம்பளம் எப்படிப் போடுவா?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், உண்மைதான். பரிந்து பேச மட்டும் யாரும் வரவில்லை.

இங்கே வாரம் ஒரு மாற்றம். தொழிலாளி என்று சொல்லக் கூடாதாம், 'குழு உறுப்பினர்' என்று சொல்ல வேண்டுமாம். நேர அட்டை போய் இயந்திரம் வந்தது. இயந்திரம் போய் மறுபடி அட்டை வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை: ஒவ்வொரு துறைத் தலைவரும் வருஷக் கடைசியில் 'மாற்றத்தின் ஆண்டு எனக்குக் கற்பித்த பத்துத் தலைமைப் பாடங்கள்' என்று நிறுவனப் பத்திரிகைக்கு எழுதித் தர வேண்டும்.

அதே உறையில் இன்னொரு காகிதமும் இருந்தது. அது பத்திரிகைக்கு இல்லை. நூற்றுப் பன்னிரண்டு பேரில் இருபத்திரண்டு பேர், அதாவது ஐந்தில் ஒருவர், நவம்பருக்குள் போக வேண்டும். பட்டியலை நான்தான் போட வேண்டும்.

இதை அலுவலகத்தில் மேலாளர் வெண்டலைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன். தூக்கம் சரியாக இல்லை. சாப்பாட்டு அறைக்குப் போனால் முகங்களை எண்ணத் தொடங்கிவிடுகிறேன், ஒன்று இரண்டு மூன்று நாலு, ஐந்தாவது ஆளைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

அம்மா சுகம்.

ஜோஸ்லின்

*

லூயிஸ்டன்
ஏப்ரல் 14, 1995

என் அருமை ஜோஸ்லினுக்கு,

இங்கே பனி உருகி ஊரே சேறு. என் கார் சக்கரம் வரை புதைந்தது, ஒற்றைக் கையால் தூக்கி வெளியே வைத்தேன். பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். இதற்கா தூக்கம் கெடுகிறாய்? இதையெல்லாம் உன் மாமா எழுபத்து நாலிலேயே தீர்த்துவைத்தாயிற்று. கேள்.

அந்தக் குளிரில் தையல் அறையும் செருப்புக்கு அடித்தோல் ஒட்டும் அறையும் சேர்த்துத் தொண்ணூறு பேர். வெளிநாட்டுச் செருப்பு வந்து குவிந்து எங்கள் செருப்பை நாய்கூடக் கடிக்கவில்லை. ஹட்சின்ஸ் வந்து, ஐந்தில் ஒருவர் போக வேண்டும் என்றார். அப்போது நான் என்ன செய்தேன்? பசை டப்பா வந்த ஒரு மரப்பெட்டி மேல் ஏறினேன்.

"ஐயா, அஞ்சு நாள் வேலை செய்யுறோம். ஆளுக்கு ஒரு நாளக் குறைச்சுக்குங்க. எல்லாரும் நாலு நாள் வர்றோம். ஒருத்தரையும் அனுப்பாதீங்க. கணக்கு ஒண்ணுதானே?" என்றேன்.

ஹட்சின்ஸ் அசந்துபோய், "இதுக்கு எல்லாரும் சம்மதிப்பாங்களா?" என்றார்.

"கேட்டுப் பாருங்க" என்றேன்.

"சம்மதிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார்.

ஜோஸ்லின், நீ காடு பார்த்திருக்கிறாயா? காடு. தொண்ணூறு கை. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள், நான்தான் ஒன்றைக் கீழே போடச் சொன்னேன். ஹட்சின்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவரும் போகவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு வந்த வான்கோழியை அடுப்பில் நுழைக்க அடுப்புக் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது.

இதை அப்படியே செய். பாடம் பத்தும் இதற்குள்ளேயே அடக்கம்.

இவெட் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

ஓவிலா மாமா

*

மான்ஸ்ஃபீல்ட்
மே 28, 1995

அன்புள்ள மாமாவுக்கு,

முழங்கால் தேவலையா? உங்கள் கடிதத்தை மடித்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஆறு வாரமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் வெண்டலிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, எப்போதும் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை மென்றுகொண்டிருப்பவர்.

"நாலு நாளா? ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க, ஜோஸ்லின். தன் வெள்ளிக்கிழமைய எவன் விடுவான்?"

"மெய்ன்ல விட்டிருக்காங்க. தொண்ணூறு பேரு. எங்க மாமாவே முன்னால நின்னு செஞ்சது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

மாத்திரை மெல்வதை நிறுத்திவிட்டார். "எங்கேயாவது ஒரு தடவ நடந்திருக்குன்னா தலைமை அலுவலகத்துல நான் வாயத் திறக்கலாம். ஆனா அவங்க விவரம் கேப்பாங்க" என்றார்.

அதனால் விவரம் வேண்டும், மாமா. எந்த மாதம்? எத்தனை வாரம் நாலு நாள் ஓடியது? ஏதாவது அறிவிப்புக் காகிதம், செய்தித்தாள் துண்டு இருக்கிறதா? அம்மாவும் அதே தொழிற்சாலையில்தானே தைத்துக்கொண்டிருந்தாள்? அவளிடம் கேட்டேன். "அடுப்புல என்னமோ தீயுது" என்று எழுந்துபோனாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

ஜோஸ்லின்

*

லூயிஸ்டன்
ஜூன் 10, 1995

அருமை ஜோஸ்லினுக்கு,

சுகம். கறுப்பு ஈ கடித்து முகம் வீங்கியிருக்கிறது, அழகு கூடிவிட்டதாக அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

விவரம் என்ன விவரம்? நானூறு பேர் கையைத் தூக்கினால் அதற்கு ரசீதா கொடுப்பார்கள்? அது ஜனவரி. பிப்ரவரி என்றும் சொல்லலாம். ஓடியது ஓடியது, பனி உருகும் வரை ஓடியது. ஹட்சின்ஸ் செத்துப்போனார். காகிதமெல்லாம் ஒரு தீ விபத்தில் போயிற்று. தீயை அணைத்தவர்களில் நானும் ஒருவன், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உன் அம்மாவைத் தொந்தரவு செய்யாதே. அவளுக்கு அதெல்லாம் ஞாபகம் இராது.

ஒன்று சொல்கிறேன். பெரிய அலுவலகம் விவரம் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல். நெஞ்சு நிமிர்ந்திருந்தால் காகிதம் வேண்டாம்.

மாமா

*

மான்ஸ்ஃபீல்ட்
ஜூலை 9, 1995

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் தொண்ணூறு பேர் என்றீர்கள். போன கடிதத்தில் நானூறு. எனக்குச் சிரிப்பு வந்தது, வெண்டலுக்கு வராது. நான் தொண்ணூறு என்றே வைத்துக்கொண்டேன்.

விஷயம் இனி என் கையில் இல்லை. தலைமை அலுவலகம் கதவை ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது. குழு உறுப்பினர்களே பெரும்பான்மையாக ஒத்துக்கொண்டால் அடுத்த கோடை வரை நாலு நாள் வாரம், ஆட்குறைப்பு இல்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் நவம்பர் மூன்றாம் தேதி சாயங்காலம் என் பட்டியல்.

வெண்டல் எல்லாரையும் கூட்டி விஷயத்தை உடைத்தார். நானும் பேசினேன். உங்கள் மரப்பெட்டி, காடு மாதிரி கை, எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ பின்னாலிருந்து, "மெய்ன்காரங்களுக்கு வேற வேல கெடையாது, வெள்ளிக்கிழமைய வச்சிக்கிட்டு என்ன பண்ணுவாங்க?" என்றார். சிரித்தார்கள். ட்வைலா மட்டும் சிரிக்கவில்லை.

"எம் புருஷனுக்கு முதுகு போச்சு. என் வீட்டுல ஒரே சம்பளம். நீ காகிதத்துல படிச்சத வச்சு நான் ஒரு நாள விட முடியாது. அந்த ஆளு உசுரோட இருக்காரா?"

"இருக்கார்."

"அப்பக் கூட்டிட்டு வா. முகத்தப் பாத்துக் கேக்கணும். எப்படிச் சமாளிச்சீங்க, முதல் மாசம் யாரு ரொம்பக் கஷ்டப்பட்டது, அப்புறம் அஞ்சாவது நாள திருப்பிக் குடுத்தாங்களா? அத அவரு சொல்லட்டும்."

சரி என்று எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்துவிட்டேன். பேருந்துச் சீட்டு இந்த உறையில் இருக்கிறது. செப்டம்பர் பதினைந்து. எங்கள் வீட்டில் தங்கலாம். வாருங்கள், மாமா. இருபத்திரண்டு பேர்.

ஜோஸ்லின்

*

லூயிஸ்டன்
ஆகஸ்ட் 27, 1995

ஜோஸ்லினுக்கு,

கடிதம் எப்போதோ வந்தது. பதில் எழுத உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் உட்காரத் தோன்றுகிறது. வலது முழங்கால் சரியில்லை. மருத்துவர் பேருந்தே கூடாது என்கிறார், இந்த முழங்காலை வைத்து ஒரு புத்தகமே எழுதலாமாம். நான் வந்தால் உன் அம்மாவுக்கும் வீண் சிரமம்.

சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மாமா

*

மான்ஸ்ஃபீல்ட்
செப்டம்பர் 10, 1995

மாமா,

நீங்கள் அனுப்பிய சீட்டை அம்மா மேஜை மேல் பார்த்துவிட்டாள். யாருக்கு என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மரப்பெட்டியைச் சொன்னேன், காட்டைச் சொன்னேன். அம்மா துடைத்து வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி துடைத்தாள்.

"அன்னிக்கு அவன் கை ரெண்டும் கோட்டுப் பையில இருந்துச்சு. இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் கேக்காத" என்றாள்.

நான் நூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னால் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். எது நடந்ததோ அதை எழுதுங்கள். வான்கோழி வேண்டாம்.

ஜோஸ்லின்

*

லூயிஸ்டன்
அக்டோபர் 8, 1995

ஜோஸ்லினுக்கு,

மாமா எழுதுவது. நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நாலிலும் நான் நன்றாகவே வந்தேன், அதனால்தான் கிழித்தேன்.

பெட்டி மேல் ஏறியது நான் இல்லை. ரோசேர் கான்யே. எனக்கு அடுத்த மேஜை. திக்குவாய். ஒரு வாக்கியம் முடிக்க அவனுக்கு அரை நாள் ஆகும், நாங்கள் கேலி செய்வோம். அன்றைக்கு அவன் ஏறி, திக்கித் திக்கி, உனக்கு நான் எழுதினேனே, அந்த வார்த்தைகள் எல்லாவற்றையும் சொன்னான். வார்த்தை அவனுடையது. திக்கலை மட்டும் நான் எடுத்துவிட்டேன்.

நான் ஆட்களை மேய்க்கும் போர்மேனும் இல்லை. பசை தடவுகிறவன். பதினோரு வருஷம் ஆகியிருந்தது. போகப் போவது புதியவர்கள்தான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். என் வேலைக்கு ஆபத்து இல்லை.

ஹட்சின்ஸ் கையைத் தூக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் போர்மேன் நோட்டுப் புத்தகத்தோடு. ரோசேர் பெட்டி மேலேயே கையைத் தூக்கினான். தையல் அறையில் மூன்று பெண்கள் தூக்கினார்கள். அதில் ஒருத்தி உன் அம்மா. தூக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரோசேரின் காலடியில் நின்றுகொண்டிருந்தேன். நான் தூக்கினால் என் பின்னால் பசை மேஜை முழுவதும் தூக்கியிருக்கும். இது பெருமை இல்லை, ஜோஸ்லின், உண்மை. என் நகைச்சுவைக்குப் பின்னால் போய் அவர்களுக்கு அவ்வளவு பழக்கம்.

நான் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். என் கை கோட்டுப் பையில். ஏன் என்றால், அந்த வாரம்தான் ஒரு படகு வாங்கப் பேசி முடித்திருந்தேன். பச்சைப் படகு. வேறு காரணம் ஒன்றும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

அமைதி நீண்டது. அதைத் தாங்க முடியாமல், "ரோசேர், எறங்குடா, இந்தப் பேச்ச நீ முடிக்கிறதுக்குள்ள ஆறாவது நாளே வந்துரும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அத்தோடு முடிந்தது. தூக்கியிருந்த நாலு கையும் இறங்கின.

பதினெட்டுப் பேர் போனார்கள். ரோசேரும், அந்த மூன்று பெண்களும் அதில் உண்டு. நோட்டுப் புத்தகம் சும்மா வரவில்லை. நீங்கள் அந்த வசந்தத்தில் ஒஹையோவுக்குக் குடிபோனது உன் அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்ததால் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். உன் அம்மாவுக்கு இங்கே வேலை போனதால். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. பேருந்து நிலையத்துக்கு நான் வரவில்லை.

என் பாடம் எல்லாவற்றையும் தூக்கிப் போடு. ஒன்றை மட்டும் வைத்துக்கொள். இது நான் கற்றுக் கொடுப்பது இல்லை, பட்டது. கையைத் தூக்கச் சொல்லாதே. ஆளுக்கு ஒரு காகிதம் கொடு. மறைவு வை. எல்லாரும் பார்க்கும் இடத்தில் மனுஷன் தன் மனதைக் கேட்பதில்லை, பக்கத்து ஆளின் கண்ணைக் கேட்கிறான்.

இதை அவர்களிடம் படித்துக் காட்டு. என் பெயரை மாற்றாதே.

ஓவிலா

*

மான்ஸ்ஃபீல்ட்
நவம்பர் 5, 1995

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று கோபத்தில் ஊர் எல்லை வரை நடந்துபோய்த் திரும்பினேன். அதற்குப் பிறகுதான் இதை எழுத முடிகிறது. உடம்பு எப்படி?

வியாழக்கிழமை கூட்டம். வெண்டல் மாத்திரையை மென்றுகொண்டே, "கையத் தூக்கச் சொல்லிடு, ரெண்டே நிமிஷம், அப்புறம் எல்லாரும் வேலைக்குப் போகலாம்" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

"தலைமை அலுவலகத்து ஆளு வந்து உக்காந்திருக்காரு. யாரு ஆதரவு, யாரு எதிர்ப்புன்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"அவருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

இப்படி ஒரு வார்த்தையை நான் அவரிடம் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. அவர் மென்றுகொண்டிருந்த மாத்திரையை விழுங்கினார். பிறகு தானே போய் ஆறு மெத்தைகளை நிமிர்த்தி வைத்து மறைவு கட்டினார். காகிதம் போடப் பெட்டி கிடைக்கவில்லை. ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டோம்.

முதலில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். முழுவதும். படகு வந்த இடத்தில் யாரோ 'சே' என்றார்கள். நீங்கள் ரோசேரைக் கேலி செய்த இடத்தில் அறையில் யாரும் சிரிக்கவில்லை. முடித்ததும் ட்வைலா எழுந்தாள்.

"அப்ப இது எங்கேயும் நடக்கவே இல்ல?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"ஜூலையில நடந்துச்சுன்னு சொன்னியே?"

"தப்பு. விசாரிக்காம சொன்னேன். என்மேல தப்பு."

"உங்க மாமா ஒரு நல்ல பொய்யன்."

"ஆமா."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் காகிதத்துக்குக் கையை நீட்டினாள்.

ஒவ்வொருவராக மெத்தைக்குப் பின்னால் போனார்கள். சிலர் ஒரு நொடியில் வந்தார்கள். ஒருவர் அவ்வளவு நேரம் வரவில்லை, தூங்கிவிட்டாரா என்று கேட்டுச் சிரித்தார்கள். தலைமை அலுவலகத்து ஆள் எட்டி எட்டிப் பார்த்தார், தெரிந்தது மெத்தை மட்டும். உறையை மேஜை மேல் கவிழ்த்து ட்வைலாவையும் வெண்டலையும் எண்ணச் சொன்னேன். சம்மதம் அறுபத்தொன்று. மறுப்பு ஐம்பத்தொன்று.

யாரும் கை தட்டவில்லை. வேலைக்குத் திரும்பினார்கள். பட்டியல் என் இழுப்பறையில் இருந்தது, கிழித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை என் அறையும் பூட்டியிருக்கும், என் சம்பளத்துக்கும் நாலு நாள்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்திரிகையின் பாடங்கள் பக்கத்துக்கு ஒரே வரி அனுப்பினேன்: 'கையைத் தூக்கச் சொல்லாதீர்கள்.' இன்னும் ஒன்பது குறைகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் மனம் நிலைகொள்ளவில்லை, மாமா. ஜெயித்த மாதிரியே இல்லை. சாப்பாட்டு அறையில் இப்போது வேறு மாதிரி எண்ணுகிறேன். இவரா, இவளா, அந்த ஐம்பத்தொருவரில் யார் யார்? பக்கத்து இருக்கைக்காரர் வீட்டுக்குப் போனாலும் பரவாயில்லை என்று எழுதியது எந்தக் கை? கூட்டத்துக்கு மறுநாள் ஒருவர் எனக்குக் கதவைத் திறந்து பிடித்தார். நன்றி சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். படித்தாள். திருப்பித் தரவில்லை.

ஜோஸ்லின்

*

லூயிஸ்டன்
நவம்பர் 19, 1995

அன்புள்ள ஜோஸ்லினுக்கு,

மாமா எழுதுவது. சுகம், சுகம் இல்லை இரண்டும் இருக்கிறது. முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. மருத்துவரிடம் நான் போகவே இல்லை.

அறுபத்தொன்று என்று படித்ததும் சமையலறையில் தனியாகக் கத்திவிட்டேன். இதைத் தெருவில் அறுநூற்றுப் பத்து என்று சொல்லலாமா என்று வாய் துடித்தது. அறுபத்தொன்று என்றே சொன்னேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஐம்பத்தொருவரைத் தேடாதே. நான் அவர்கள் ஆள், எனக்கு அவர்களைத் தெரியும். ஒருவனுக்குப் படகு இருக்கும், ஒருத்திக்குப் படுத்த படுக்கையாக ஒரு ஆள் இருக்கும். யாருக்கு எது என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கத்தானே மெத்தையை நிமிர்த்தி வைத்தாய்? கதவைத் திறந்து பிடித்தவருக்கு நன்றி சொல். அவர் சம்மதம் என்றும் எழுதியிருக்கலாம். எழுதாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் நன்றி ஒன்றுதான். இது பாடம் இல்லை, வேண்டுதல்.

இன்னொன்று. எழுபத்து நாலில் எங்களுக்கும் யாராவது ஒரு காகிதமும் ஒரு மறைவும் கொடுத்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்? இந்த இருபத்தோரு வருஷத்தில் எனக்கு விடை தெரியாத கேள்வி என்று எதையும் நான் ஒப்புக்கொண்டது இல்லை. இது தெரியவில்லை. அதனால் ஒரு காகிதத்தைக் கத்தரித்தேன். திரையை இழுத்துவிட்டேன். படகை நினைத்தேன், ஹட்சின்ஸின் முகத்தை நினைத்தேன், பெட்டி மேல் ரோசேர் நடுங்கிக்கொண்டு நின்றதை நினைத்தேன். ஒரு மத்தியானம் முழுக்க அந்தப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சம்மதம், மறுப்பு இரண்டில் ஒன்றை எழுதினேன்.

நாலாக மடித்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நீ பிரிக்காதே. இவெட்டிடம் கொடு. பிரிப்பதும் கிழிப்பதும் அவள் இஷ்டம். ஒன்று மட்டும் சொல்: எழுதும்போது பக்கத்தில் யாரும் இல்லை.

ஓவிலா